நைனா டவரில் இருக்கிறார்

இண்டர்மீடியட் இரண்டாம் வருடப் பிசிக்ஸ் பரீட்சை அன்று காலை ஏழரை மணிக்கு, கான்ஸ்டபிள் ஏசுரத்னம் பைக்கை அணைக்காமலே வாசலில் நின்று ஹாரன் அடித்தார். திரிமூர்த்துலு ஹால் டிக்கெட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டிருந்தான். ஹாரன் அடித்த விதத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏறிட்டாரா?"

"ஏறிட்டாரு பாபு."

"எதுல?"

"வழக்கமான செல் டவர்தான். சீக்கிரம் சட்டையை மாட்டு. புது எஸ்.ஐ. மேடம் வந்திருக்காங்க. நம்ம ஊர் வழக்கம் அவங்களுக்குத் தெரியாது. பதறிப்போய் நிக்கிறாங்க."

இது ஆறாவது முறை.

திரிமூர்த்துலுவின் அப்பா வீரராகவுலு, ரேகுலபாடு பஸ் ஸ்டாண்டில் பதினாறு வருடம் மைக்கில் அறிவிப்புச் சொன்னவர். ஓங்கோல் வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, குண்டூர் வண்டி ஏன் வரவில்லை என்பதையெல்லாம் கல்யாண வீட்டு நல்ல செய்தி போலச் சொல்லுவார். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அவர் வாயால் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. ஒருநாள் விஜயவாடாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதற்குள் ஒரு பெண் குரல் இருந்தது. ராகவுலுவைக் கட்டணக் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மூன்றாம் நாள் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த செல் டவரில் ஏறிவிட்டார். அப்போது மகனுக்கு வயது பதினொன்று. பெட்டியை நிறுத்துகிறோம் என்று அதிகாரிகள் சத்தியம் செய்தார்கள். நான்கு நாள் நிறுத்தியும் வைத்தார்கள்.

இரண்டாவது முறை, மனைவி மாணிக்யம் தெனாலியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பெட்டி படுக்கையோடு போனபோது ஏறினார். அவள் வந்தால்தான் இறங்குவேன் என்றார். போலீஸ் போன் போட்டது. "இறங்கினார்னா நான் வரமாட்டேன். விழுந்தார்னா சொல்லுங்க, ஒருநாள் வந்துட்டுப் போறேன்" என்று அவள் சொன்னாள். அதை எப்படி மேலே சொல்வது என்று ஏசுரத்னத்துக்குத் தெரியவில்லை. "யோசிக்கிறாங்களாம்" என்று மட்டும் கத்தினார்.

மூன்றாவது முறை, பக்கத்து வீட்டுச் சேவல் ராத்திரியெல்லாம் கூவுகிறது என்று. நான்காவது முறை ரேஷன் கார்டுக்காக. அதில் அவர் பெயரை வீரராகவம்மா என்றும் வயதை ஆறு என்றும் அச்சடித்திருந்தார்கள். டவரில் ஏறி மூன்று மணி நேரத்தில் திருத்திய கார்டு வந்தது. ஊரில் இரண்டு வருடமாகத் திருத்தத்துக்கு அலைந்தவர்கள் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அதிலிருந்து அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ஐந்தாவது முறை அவர் ஏறியது சொந்த விஷயமாக அல்ல. சாக்கடைக்கு மூடி போடச் சொல்லித் தெருக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் ஏறினார். கயிறு கட்டி இட்லி அனுப்பினார்கள்.

ஒவ்வொரு முறையும் தீயணைப்பு வண்டி வந்து ஏணி நீட்டி அவரைக் குழந்தை மாதிரி தூக்கி இறக்கும். ஒருமுறை ஒரு தீயணைப்புக்காரர், "ராகவுலு காரு, போன தடவைக்கு மூணு கிலோ ஏறியிருக்கீங்க" என்று 'காரு' போட்டு மரியாதையாக, அக்கறையாகச் சொன்னார்.

இதெல்லாம் ஊருக்கு வேடிக்கை. மகனுக்குப் பெயரே போய்விட்டது. கல்லூரியில் அவனை யாரும் திரிமூர்த்துலு என்று கூப்பிடுவதில்லை. டவர். வருகைப் பதிவு எடுக்கும்போது கெமிஸ்ட்ரி சாரே நாக்கு தவறி, "டவர் வந்தாச்சா?" என்பார். ஆகவே அவன் ஒரு முடிவு எடுத்திருந்தான். நல்ல மார்க் வாங்கி விசாகப்பட்டினத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே கடல் இருக்கிறது, கப்பல் இருக்கிறது. முக்கியமாக, அவன் யார் மகன் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே பிசிக்ஸை வரிக்கு வரி மனப்பாடம் செய்திருந்தான்.

ஏசுரத்னத்தின் பைக் பஸ் ஸ்டாண்டை அடைந்தபோது கூட்டம் கூடியிருந்தது. புனுகுலு போண்டா சுடுகிறவர் எண்ணெய்ச் சட்டியோடு தள்ளுவண்டியை டவர் நிழலுக்கே நகர்த்திவிட்டார். எஸ்.ஐ. ஸ்வர்ணலதா கையில் ஒலிபெருக்கியோடு நின்றாள். இருபத்தாறு வயது இருக்கும். தொப்பிக்குக் கீழே வியர்வை ஓடியது.

"நீதான் மகனா? அவர் வாயே திறக்க மாட்டேங்கறார். என்ன கோரிக்கைன்னு கேட்டா, நேரம் வரும்போது சொல்றேங்கறார். என்னப்பா நேரம்?"

"தீயணைப்பு வண்டி எங்க மேடம்?"

"புகையிலை கோடவுன்ல தீயாம். மத்தியானம்தான் வருமாம்."

திரிமூர்த்துலு தலையைத் தூக்கிப் பார்த்தான். டவரில் பாதி உயரத்துக்கும் மேலே, இரும்புத் தட்டில், அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸ். காசிக்கு வழியனுப்பிய ஆள் மாதிரி துண்டை வேறு போர்த்தியிருந்தார்.

"அவர் அங்கயே இருக்கட்டும் மேடம். எனக்கு ஒன்பது மணிக்குப் பரீட்சை."

"என்ன பேச்சுப்பா இது? பெத்த அப்பா!"

புனுகுலுக்காரரும் சேர்ந்துகொண்டார். "கலிகாலம் மேடம். நாங்களெல்லாம் எங்க நைனா டவர்ல ஏறினா இப்படியா விட்டுட்டுப் போயிருப்போம்?"

"உங்க நைனா காலத்துல டவரே கிடையாதே அண்ணா" என்றான் திரிமூர்த்துலு.

மேலே அசைவு தெரிந்தது. ராகவுலு எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பஸ் ஸ்டாண்டில் பழைய ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே குரல் நான்கு தெருவுக்கும் போனது.

"பயணிகள் கவனத்திற்கு! இன்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்கவிருக்கும் இண்டர்மீடியட் பிசிக்ஸ் பரீட்சை, மாநிலம் முழுவதும், குறைந்தபட்சம் ஒரு மாத காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட வேண்டும். தள்ளிவைத்த தகவல் எழுத்தில் வரும்வரை நான் இறங்குவதாக இல்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்!"

இந்த அறிவிப்பு கிழக்கே இருநூறு அடி தள்ளி இருந்த பரீட்சை மையத்திலும் தெளிவாகக் கேட்டது. அங்கே வேப்பமரத்தடியில் கடைசி நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நூற்று நாற்பது மாணவர்களும் ஒருகணம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓடி வந்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் டவரடியில் கோஷம். "வீரராகவுலு காரு, வாழ்க!" "பிசிக்ஸ் ஒழிக!" நேற்றுவரை டவர் டவர் என்று கேலி செய்த வகுப்புத் தோழன் நூக்கராஜு ஓடிவந்து திரிமூர்த்துலுவைக் கட்டிக்கொண்டான். கண்ணில் தண்ணீர்.

"ஒரேய், எங்க அப்பன் எனக்கு ஒரு பேனா வாங்கித் தந்ததில்லடா. உங்க நைனா உயிரையே குடுக்கறாரு. நான் ஒரு பாடமும் படிக்கலடா. அவர் தெய்வம்டா!"

ஒரு மாணவி டவரின் இரும்புக் காலுக்குக் குங்குமம் வைத்தாள். பரீட்சை மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் சுப்பாராயுடு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பெரிய உருவம், ரத்தக் கொதிப்புக்காரர்.

"எல்லாரும் உள்ள போங்கடா! ஒன்பது அடிச்சு ஒரு நிமிஷம் ஆனாக்கூடக் கேட்டை மூடணும்னு உத்தரவு!"

யாரும் நகரவில்லை. அவரை உட்காரச் சொல்லி ஒருவன் இடம் கொடுத்தான். அவர் உட்கார்ந்தே விட்டார்.

திரிமூர்த்துலு எஸ்.ஐ. கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினான். "நைனா! நான் கேட்டேனா? பரீட்சையைத் தள்ளிவைக்கச் சொல்லி நான் கேட்டேனா?"

"கேக்கலடா கண்ணு!" என்று மேலிருந்து குரல் வந்தது. "நீ கேக்க மாட்டே. ரோஷக்காரன். நேத்து சாயங்காலம் பிசிக்ஸ் புத்தகத்தை முன்னால வெச்சுக்கிட்டு நீ அழுததை நான் கதவிடுக்குல பாத்தேன்!"

நூற்று நாற்பது பேரும் அவனைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது வெங்காயம் நைனா! புளுசுக் குழம்பு வைக்க வெங்காயம் நறுக்கிக்கிட்டே படிச்சேன்!"

மேலே நின்றிருந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"வெங்காயமா?"

"வெங்காயம்!"

"அந்தப் புளுசுல வெங்காயம் கம்மியாத்தானேடா இருந்தது?"

திரிமூர்த்துலு ஒலிபெருக்கியை எஸ்.ஐ.யிடம் திருப்பிக் கொடுத்தான். ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் திணித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு டவரின் ஏணிக் கம்பியைப் பிடித்தான். "ஏய், ஏய், நில்லு" என்று எஸ்.ஐ. அவன் காலைப் பிடித்தாள். பேண்ட் மடிப்புதான் அவள் கைக்கு வந்தது. அதற்குள் அவன் ஆறு கம்பி ஏறியிருந்தான். கோபத்தில் ஏறுகிறவனுக்கு உயரம் தெரிவதில்லை.

தட்டில் போய் விழுந்தபோது மூச்சு இரைத்தது. அப்பா டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார். அதில் நேற்றைய சோறும் வெங்காயப் புளுசும் இருந்தது.

"சாப்பிடு. காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே."

"நைனா, இறங்கு."

"வெங்காயம்னா சொல்ல வேண்டாமாடா? நான் விடியும் முன்னாலயே வந்துட்டேன்."

"இறங்குன்னு சொல்றேன். மணி எட்டரை ஆகுது. ஆறு வருஷமா இந்த ஊர்ல உன் மகன்கறதைத் தவிர எனக்கு வேற அடையாளம் கிடையாது. இந்தப் பரீட்சை ஒண்ணுதான் இருக்கு. அதுக்கும் குறுக்க வந்து உக்காந்துட்டே. என்ன கோரிக்கைன்னாலும் விட்டுட்டு இறங்கு."

ராகவுலு டிபன் பாக்ஸை மூடினார். மூடியைப் பொருத்தத் தெரியாமல் இரண்டு மூன்று தடவை திருப்பினார்.

"கோரிக்கையெல்லாம் ஒண்ணும் இல்லடா. எனக்கு இறங்கத் தெரியாது."

"என்னது?"

"ஏறிடுவேன். ஏறும்போது கோபம் இருக்கும். இங்க வந்து உக்காந்து காத்து வாங்கினா அஞ்சு நிமிஷத்துல கோபம் போயிடும். அப்புறம் கீழ பாத்தா காலெல்லாம் கடகடன்னு ஆடும். ஏணி வண்டி வர மூணு நாலு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் என்ன பண்றது? ஏதாவது கேட்டுக்கிட்டு இருக்கணும் இல்லையா? சேவல் விஷயத்துல பக்கத்து வீட்டுக்காரன் கால் மணி நேரத்துல அறுத்துடறேன்னுட்டான். அறுக்காதே, பாவம்னு நானே கத்தினேன். அவன் குழம்பிப் போயிட்டான்."

"அப்ப ரேஷன் கார்டு?"

"அது ஒண்ணுதான் உண்மையா நேரம் எடுத்தது."

திரிமூர்த்துலுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தான், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டவர் லேசாக அதிர்ந்தது. அப்பா பயந்து கம்பியைக் கட்டிக்கொண்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் அவன் முதல்முறையாகக் கீழே பார்த்தான். பஸ்கள் தீப்பெட்டி அளவில் இருந்தன. நூற்று நாற்பது மாணவர்களும் எள் தூவின மாதிரி தெரிந்தார்கள். உள்ளங்கால் சில்லிட்டது. அவனும் கம்பியைக் கட்டிக்கொண்டான்.

"நைனா."

"சொல்லு."

"எனக்கும் இறங்க முடியும்னு தோணல."

"அதான் சொன்னேனே" என்றார் அப்பா, கொஞ்சம் சந்தோஷமாகவே.

இருவரும் நடுக்கம்பியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே எஸ்.ஐ. ஏதோ கத்தினாள். காற்றில் வார்த்தை வரவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பெட்டியில் அந்தப் பெண் குரல் மட்டும் நிதானமாக, ஓங்கோல் வண்டி நான்காவது இடத்தில் நிற்பதாகச் சொன்னது.

"ஆறாவது இடத்துல நிக்குது பாரு" என்று அப்பா அலுத்துக்கொண்டார். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "முதல் தடவை வந்தேன் இல்ல, அன்னிக்கு நான் எதையும் கேக்க வரல. விழத்தான் வந்தேன்."

திரிமூர்த்துலு ஒரு கையால் அப்பாவின் துண்டைப் பிடித்துக்கொண்டான்.

"துண்டை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டேன். சாமி கும்பிட்டேன். உன்னை நினைச்சேன், உங்கம்மாவை நினைச்சேன். அப்ப இந்தச் சனியன் பிடிச்ச பெட்டி, குண்டூர் வண்டியைத் தப்பான இடத்துல சொல்லிடுச்சு. ஒரு குடும்பம், கைக்குழந்தை, மூட்டை முடிச்சு, எல்லாம் தப்பான பக்கம் ஓடுது. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. 'குண்டூர் வண்டி இரண்டாவது இடம்!'னு கத்திட்டேன். அவங்க திரும்பி ஓடிப்போய் வண்டியைப் பிடிச்சுட்டாங்க. அப்புறம் மாச்சர்லா வண்டி வந்தது. அதுவும் தப்பு. அதையும் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு வண்டி ஆச்சு. அதுக்குள்ள போலீஸ் வந்து, 'என்ன வேணும் உங்களுக்கு?'ன்னு கேட்டாங்க. வந்த வேலை மறந்தே போச்சு. பெட்டியை நிறுத்துங்கன்னு சொல்லிட்டேன்."

திரிமூர்த்துலு அப்பாவின் கையைப் பார்த்தான். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஆறு வருடமாக இந்த மனிதர் மேல் வைத்திருந்த கோபத்தில் ஒரு பகுதியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மீதி அப்படியேதான் இருந்தது.

"இதை அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னா பயப்படுவா இல்ல."

"அவ அதுக்குப் பயந்துதானே போனா."

அப்பா தலையாட்டினார். பிறகு, "அப்படியா இருக்கும்?" என்று கேட்டார்.

மணி எட்டு ஐம்பது. யாரோ ஒருவர் முதலில் இறங்கியாக வேண்டும். திரிமூர்த்துலு வயிற்றைத் தட்டில் ஒட்டிக்கொண்டு, பின்பக்கமாக ஊர்ந்து, காலைத் தொங்கவிட்டான். காற்றில் துழாவிய கால் ஒரு கம்பியைத் தொட்டது.

"நைனா, நீ அப்படியே திரும்பு. கண்ணை மூடிக்கோ. உன் காலை நான் பிடிச்சு வைக்கறேன்."

"முடியாதுடா."

"ஹைதராபாத்துக்கு நின்னு நின்னு போற வண்டி எங்கெல்லாம் நிக்கும்? ஒரு கம்பிக்கு ஒரு ஊரா சொல்லிக்கிட்டே வா. தப்பாச் சொன்னா கையை விட்டுடுவேன்."

"நான் தப்பாச் சொல்றதா?" என்றார் ராகவுலு. ரோஷத்தில் திரும்பிக் காலை நீட்டியேவிட்டார்.

சிலகலூரிப்பேட்டை என்றார். மகன் குதிகாலைப் பிடித்துக் கம்பியில் வைத்தான். குண்டூர். மங்களகிரி. விஜயவாடாவில் கொஞ்சம் நின்றார்கள், அங்கே எல்லா வண்டியும் அரைமணி நிற்கும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். நந்திகாமா, கோதாடா, சூர்யாபேட்டை, நடுவில் வண்டி நிற்கிற சின்ன ஊர் ஒன்றையும் அவர் விடவில்லை. ஹைதராபாத் வந்தபோது டவர் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. கண்ணை மூடியபடியே அவர் வண்டியை மும்பை பக்கம் திருப்பினார். அந்த வழி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஜஹீராபாத் தாண்டியதும் ஊர்களைச் சொந்தமாகத் தயாரிக்க ஆரம்பித்தார். மகன் திருத்தவில்லை.

தரையில் கால் பட்டதும் மாணவர்கள் கைதட்டவில்லை. நூக்கராஜு மட்டும், "கோரிக்கை என்னாச்சு ராகவுலு காரு?" என்று இடிந்துபோய்க் கேட்டான்.

மணி ஒன்பது முப்பத்தைந்து.

திரிமூர்த்துலு ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தான். வியர்வையில் நனைந்து அவன் புகைப்படம் மீசை வைத்த ஆள் மாதிரி ஆகியிருந்தது. கேட்டை மூடியிருப்பார்கள். விசாகப்பட்டினம் போய்விட்டது. அவன் சுப்பாராயுடுவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். தலைமைக் கண்காணிப்பாளர் புனுகுலு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, கேட்டை மூட வேண்டியது யார்?"

"நீங்க சார்."

"நான் எங்க இருக்கேன்?"

"இங்க சார்."

"அப்ப கேட்டை யாரும் மூடல." அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நூத்தி நாற்பது பேரும் வரலன்னு நான் எழுதினா எனக்குப் பென்ஷன் வராது. என் வாட்ச் காலையிலேர்ந்தே சரியில்ல. இப்ப அதுல மணி எட்டு ஐம்பத்தெட்டு. எழுந்திருங்கடா எல்லாரும்! ஓடுங்க! பிசிக்ஸ் ஒழிகன்னு கத்தினவன் யாருடா? முதல்ல அவன் ஓடு!"

அப்படியாக அந்த ஒரு மையத்தில் மட்டும் பிசிக்ஸ் பரீட்சை நாற்பது நிமிடம் தள்ளிவைக்கப்பட்டது. எந்தக் காகிதத்திலும் அது இல்லை. இரும்பைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போனதில் முதல் இரண்டு பக்கம் திரிமூர்த்துலுவின் கையெழுத்தே அவனுக்குப் புரியவில்லை. கீழே விழும் பொருளின் வேகம் பற்றிய கேள்வியைப் படித்ததும் ஒருமுறை வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். பிறகு சரளமாக எழுதினான்.

மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, அப்பா பெஞ்சில் உட்கார்ந்து ஏசுரத்னத்தின் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. ஸ்வர்ணலதா ஒரு படிவத்தை நீட்டினாள்.

"கேஸ் போடல. எச்சரிச்சு அனுப்பறேன். ஆனா பொறுப்பான ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். உனக்குப் பதினெட்டு ஆச்சா?"

"வர்ற வெள்ளிக்கிழமை ஆகும் மேடம்."

"அப்ப வெள்ளிக்கிழமை தேதி போடு."

வீட்டை விட்டு ஓடும் பையன்களுக்காக அச்சடித்த படிவம் அது. 'மேற்படி சிறுவனை இனி ஒழுங்காகக் கவனித்துக்கொள்வேன்' என்று இருந்தது. அவன் அதை முழுசாகப் படித்தான். பேனாவைத் திறந்தான்.

"எழுத்துப் பிழை இருந்தாத் திருத்திடு" என்றார் அப்பா, வாயில் சோற்றோடு. "அப்புறம் அதுக்கு வேற நான் ஏறணும்."

"இனிமே ஏறினா கூப்பிட ஆள் இருக்காது. நான் விசாகப்பட்டினம் போறேன்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "எப்ப?"

"ஜூன்ல. பாஸானா."

"விசாகப்பட்டினம் வண்டி ராத்திரி ஒண்ணு, காலையில ரெண்டு" என்றார் அப்பா. வேறு எதுவும் சொல்லாமல் மீதிச் சோற்றைப் பிசைந்தார்.

அவன் பாஸானான். பிசிக்ஸில் எழுபத்தொன்று. நூக்கராஜு தேறவில்லை. அதற்கு ராகவுலுதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். கிளம்புகிற அன்று அப்பாவும் மகனும் ஊறுகாய் ஜாடியை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று சண்டை போட்டார்கள். சண்டை முடிவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தெனாலியில் அம்மா ஸ்டாண்டுக்கு வந்து, ஜன்னல் வழியாக இரண்டு புதுச் சட்டையும் வாழைப்பழமும் கொடுத்தாள். "அந்த ஆள் எப்படி இருக்கார்?" என்று கேட்டாள். "தரையில இருக்கார்" என்றான்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஏசுரத்னத்திடமிருந்து போன் வந்தது. திரிமூர்த்துலு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான்.

"ஏறிட்டாரா?"

"ஏறிட்டாரு பாபு. ஆனா டவர் இல்ல. அதுக்கு வேலி போட்டுட்டாங்க. தாசில்தார் ஆபீஸ் கொய்யா மரம்."

"எவ்வளவு உயரம் அண்ணா?"

"என் தொப்பிக்கு ஒரு முழம் மேல இருக்காரு. செருப்பு என் தோள்ல இடிக்குது."

"என்ன கோரிக்கை?"

"இன்னும் சொல்லல. கொய்யா தின்னுக்கிட்டு இருக்காரு."

திரிமூர்த்துலு வகுப்புக் கதவைத் திரும்பிப் பார்த்தான். வகுப்புக்குள்ளிருந்து வாத்தியார் யாரோ ஒரு பையனை அவன் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவனைத்தான்.

"விட்டுடுங்க அண்ணா. அந்த உயரத்துலேர்ந்து அவரே இறங்கிடுவார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.